கொடைக்கானல் புல்வெளியில் பூத்திருந்த அந்த இளஞ்சிவப்புக் கதிர் என்ன செடி?

செப்டம்பரில் மன்னவனூர் பக்கம் புல்வெளியில் எடுத்த இரண்டு படங்களைக் காட்டி நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஒரு படத்தில் இளஞ்சிவப்புப் பூக்கதிர், இன்னொன்றில் அதே அமைப்பில் வெள்ளைக் கதிர். இது யாரோ பங்களாத் தோட்டத்தில் வைத்து அங்கிருந்து தப்பி வந்த செடியா, வெள்ளையும் சிவப்பும் வேறு வேறு இனமா, கிழங்கை எடுத்து வந்து வைத்தால் மதுரையில் மாடியில் வளருமா, அந்த மொட்டைச் சரிவில் மரக்கன்று நட்டால் இந்த மாதிரிப் பூக்கள் இன்னும் பெருகுமா என்று. முதல் மூன்றுக்கும் பதில் சுலபம். தப்பி வந்த செடி இல்லை, நம் மலைக்கே சொந்தமான தரைவாழ் ஆர்க்கிட், தாவரவியலில் பெயர் சத்தீரியம் நேபாளென்ஸ். இரண்டும் ஒரே இனம்தான். மதுரையில் வளராது. நாலாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெருகாது என்பது மட்டுமல்ல, மரம் நட்டால் இருப்பதும் போய்விடும். அது ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் செடியின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

ஆர்க்கிட் என்றாலே மரக்கிளையில் வேரைச் சுற்றிக்கொண்டு தொங்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சோலைக்காட்டில் அப்படி நிறைய உண்டு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் மண்ணில் வேர்விட்டு, கிழங்கு வைத்து, புல்லோடு புல்லாக வளரும் ஆர்க்கிட்கள் ஒரு தனிக் கூட்டம். சத்தீரியம் அதில் எல்லோர் கண்ணிலும் படுகிற ஒன்று. ஒரு சாண் உயரத்திலிருந்து முழங்காலைத் தாண்டும் உயரம் வரை தண்டு போகும், அது மண்ணைப் பொறுத்தது. அடியில் இரண்டு இலை, சில செடிகளில் மூன்று. தடிப்பாக, சதைப்பற்றோடு, பளபளவென்று, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்சம் அழுத்தி மடக்கினால் பட்டென்று முறிந்துவிடும். இலையின் அடிப்பாகம் தண்டை முழுக்கச் சுற்றிப் பிடித்திருக்கும். அதற்கு மேலே தண்டில் வருவதெல்லாம் இலை என்று சொல்ல முடியாத சிறு உறைகள், மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போய்க் கதிரில் பூவடி இலைகளாகிவிடுகின்றன. ஜூன் முதல் மாதக்கணக்கில் காற்று விடாமல் வீசும் சரிவில் வாழும் செடிக்கு அகலமான இலைகளைத் தரையோடு வைத்துக்கொண்டு பூவை மட்டும் மேலே நீட்டுவதுதான் தோது.

இனி பூ. தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் முழுக்க நெருக்கமாக ஒட்டிய பூக்கள், ஒரு பூ தனியாகத் தெரியாது. பக்கத்தில் மண்டிபோட்டு, முடிந்தால் ஒரு லென்ஸை வைத்துப் பாருங்கள். ஒரு பூ சுமார் ஒரு சென்டிமீட்டர்தான். அதன் அடியில் பச்சையும் செம்பழுப்பும் கலந்த ஒரு பூவடி இலை. மொட்டாக இருக்கும்வரை அது மொட்டை அணைத்து மேல்நோக்கி நிற்கும், பூ விரிந்ததும் கீழ்நோக்கி மடங்கிவிடும். அதனால் ஒரே கதிரில் நுனியில் நிமிர்ந்த பூவடி இலைகளும் கீழே மடங்கியவையும் இருப்பதைக் காணலாம், கதிர் அடியிலிருந்து நுனிக்கு மலர்ந்துகொண்டே போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பூவில் ஐந்து குறுகிய இதழ்கள் கீழ்ப்பக்கம் விரிந்திருக்கும். மூன்று புல்லிகள், இரண்டு அல்லிகள், ஆனால் பார்வைக்கு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுபோல, அடியில் ஒன்றோடொன்று கொஞ்சம் இணைந்தும் இருக்கும். ஆறாவதாக உள்ள உதட்டிதழ் மட்டும் மேலே வளைந்து, குழிந்து, பூவின் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. அதன் முதுகில் நீளவாக்கில் ஒரு வரம்பு ஓடுகிறது. அந்த உதட்டிதழின் அடியிலிருந்து பின்பக்கமாக இரண்டு தேன்குழல்கள் இறங்குகின்றன, சூலகத்தை ஒட்டி ஆளுக்கொரு பக்கம், கதிரைப் பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ரெட்டைச் சடை போட்டுத் தொங்கவிட்ட மாதிரி. இந்த இரட்டைக் குழல்தான் அடையாளம். தேன்குழல் உள்ள ஆர்க்கிட்களில் பொதுவாக ஒரு பூவுக்கு ஒரு குழல்தான் இருக்கும். உங்கள் இளஞ்சிவப்புப் படத்தில் பக்கவாட்டில் திரும்பிய பூக்களில் இரண்டும் தெளிவாகத் தெரிகின்றன, அதனால்தான் சந்தேகமில்லாமல் பெயர் சொல்ல முடிந்தது.

உதட்டிதழ் ஏன் மேலே இருக்கிறது என்பது இன்னும் சுவாரசியமான விஷயம். பெரும்பாலான ஆர்க்கிட்களில் மொட்டாக இருக்கும்போது உதட்டிதழ் மேல்பக்கம்தான் இருக்கிறது. மலரும் சமயத்தில் பூக்காம்பும் சூலகமும் அரைச் சுற்று முறுக்கிக்கொள்ள, பூ தலைகீழாகி, உதட்டிதழ் கீழே வந்து பூச்சி வந்து உட்காரும் மேடையாகிவிடுகிறது. நாம் கடையில் பார்க்கும் ஆர்க்கிட் பூக்கள் எல்லாம் அப்படித் திரும்பிய பூக்கள்தான். சத்தீரியம் இந்த முறுக்கலைச் செய்வதில்லை. சூலகம் நேராகவே இருக்கிறது, உதட்டிதழ் பிறந்த இடத்திலேயே மேலே நின்றுவிடுகிறது. மழையும் மூடுபனியும் ஓயாத மாதங்களில் பூக்கிற செடிக்கு மேலே ஒரு மூடி இருப்பது தேனையும் மகரந்தத்தையும் காக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்தப் பேரினத்தில் உள்ள 90 சொச்சம் இனங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வாழ்கின்றன, அவற்றுக்கும் இதே அமைப்புதான். அதனால் நம் பருவமழைக்காக உண்டான ஏற்பாடு என்று சொல்லிவிட முடியாது, வந்த இடத்தில் அது உதவியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

மூடியின் உள்ளே ஒரு சிறு தூண். ஆர்க்கிட்களில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்து ஒரே தூணாகிவிடும், இதிலும் அப்படித்தான். மகரந்தம் பொடியாக உதிராது, இரண்டு பொதிகளாகத் திரண்டிருக்கும், ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சிறு காம்பு, காம்பின் முனையில் பசைத்தட்டு. தேன் குழலின் அடியில் இருக்கிறது. நீண்ட நாக்குள்ள பூச்சி இடது குழலிலோ வலது குழலிலோ நாக்கை விடும்போது பசைத்தட்டு அதன்மேல் ஒட்டிக்கொண்டு பொதி முழுசாகக் கழன்று வந்துவிடும், அடுத்த பூவில் அது சூல்முகத்தில் படும். பொதி ஒட்டாமல் போனால் அந்தப் பூவின் மகரந்தம் அத்தனையும் வீண், சரியாக ஒட்டிப் போய்ச் சேர்ந்தால் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான விதைக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஆப்பிரிக்காவில் இதே பேரினத்து இனங்கள் சிலவற்றுக்குத் தேனீ வருகிறது, சிலவற்றுக்கு அந்துப்பூச்சி, சிலவற்றுக்குத் தேன்சிட்டு, அழுகிய இறைச்சி நாற்றமடித்து ஈக்களை வரவழைக்கும் இனம்கூட ஒன்று உண்டு. நம்முடையதற்கு நல்ல வாசனைதான், வெயில் வந்த நேரத்தில் குனிந்து முகர்ந்தால் தெரியும்.

காய் சிறியது, நீளவாக்கில் வெடிக்கும். உள்ளே இருப்பது விதை என்றே நம்ப முடியாத தூள். அவ்வளவு இலேசாக இருப்பதால் காற்று எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகும், ஆனால் அந்த இலேசுக்கு ஒரு விலை உண்டு. நெல்லிலோ பயறிலோ முளைக்கு வேண்டிய சாப்பாடு விதைக்குள்ளேயே இருக்கிறது, ஆர்க்கிட் விதையில் அது கிடையாது. மண்ணில் உள்ள குறிப்பிட்ட சில பூஞ்சைகள் விதைக்குள் நுழைந்து ஊட்டினால்தான் அது முளைக்கும், முளைத்த பிறகும் முதல் இலை வெளியே வரும்வரை முழுக்க அந்தப் பூஞ்சையை நம்பித்தான் மண்ணுக்குள் வாழும். வளர்ந்த செடியிலும் வேர்களில் பூஞ்சை இருக்கும். ஆக, இந்தச் செடி ஒரு இடத்தில் இருக்கிறது என்றால் அந்த இடத்து மண்ணில் அதற்கு வேண்டிய பூஞ்சையும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாடித்தோட்டக் கேள்விக்கு இதுதான் பாதிப் பதில்.

மீதிப் பாதி கிழங்கு. பூத்திருக்கும் சமயத்தில் மண்ணுக்கடியில் ஒரு செடிக்கு இரண்டு கிழங்கு இருக்கும். ஒன்று சுருங்கி, நிறம் மங்கி, தொட்டால் தொளதொளவென்று இருக்கும், இந்த வருஷத்துத் தண்டையும் இலையையும் கதிரையும் எழுப்பிவிட்டு ஓய்ந்த கிழங்கு அது. மற்றது வெளுப்பாக, கெட்டியாக இருக்கும், அடுத்த வருஷத்துக்காக இலைகள் இப்போது நிரப்பிக்கொண்டிருப்பது. விதை உதிர்ந்து, பனிக்காலம் முற்றியதும் மேலே உள்ளது எல்லாம் காய்ந்து போகும், பழைய கிழங்கும் மக்கிவிடும். கோடை முடிய அந்த ஒரு கிழங்குதான் செடி. ஏப்ரல், மே மாதக் கோடை மழை விழுந்து மண் நனைந்த பிறகு அதிலிருந்து புது முளை கிளம்பும். எனவே பூவைப் பார்த்து ஆசைப்பட்டு அப்போதே தோண்டுகிறவர்கள் தீர்ந்துபோன கிழங்கையும் இன்னும் நிரம்பாத கிழங்கையும்தான் எடுக்கிறார்கள். கீழே கொண்டுவந்து வைத்தால் இருக்கிற சேமிப்பில் சில வாரம் பச்சையாக நிற்கும், பிறகு வாடிவிடும். மதுரை வெயில் மட்டும் காரணமில்லை, ஊட்டியிலேயே தொட்டியில் வைத்தாலும் அதன் மண்ணும் பூஞ்சையும் கூட வராவிட்டால் கஷ்டம்தான். சோதனைக்கூடத்தில் ஊட்டக்கூழில் விதையை முளைக்க வைத்திருக்கிறார்கள், அது வேறு சங்கதி. காப்புக்காட்டில் எந்தச் செடியைத் தோண்டினாலும் குற்றம் என்பதையும், காட்டு ஆர்க்கிட்கள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளவை என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இமயமலைப் பகுதிகளில் இந்தக் கிழங்கை உடம்புக்கு வலு தரும் மருந்து என்று தோண்டுகிறார்கள், ஒரு கிழங்கு போனால் ஒரு செடி முழுசாகப் போய்விடுகிற இனத்துக்கு அது பெரிய அடி.

இப்போது இடத்துக்கு வருவோம். இந்தச் செடியின் எல்லை பெரியது. பாகிஸ்தான் பக்கத்து இமயமலையிலிருந்து நேபாளம், பூட்டான், மியான்மர், தென்மேற்குச் சீனா வரை பரவியிருக்கிறது, பிறகு நடுவில் சமவெளி முழுக்கக் கிடையாது, மறுபடி தெற்கே வந்தால் நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மூணாறு மலைகள், கடல் தாண்டி இலங்கையில் ஹோர்டன் சமவெளிப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளிகள். நம் பக்கம் சுமார் 1,500 மீட்டருக்கு மேலே எதிர்பார்க்கலாம், 2,000 மீட்டரை ஒட்டி நன்றாகவே இருக்கும். இமயமலையில் இல்லாமல் தென்னிந்தியாவில் மட்டும் உள்ளது, அல்லது அங்கே மட்டும் உள்ளது என்று இரண்டு பட்டியல் போட்டால் இரண்டிலும் வராத செடி இது. நீலகிரி வரையாட்டுக்கு நெருங்கிய சொந்தம் வடக்கே எங்கேயோ இருப்பது போல, நம் மலையுச்சிச் செடிகள் பலவற்றுக்கு இமயமலையில் உறவு இருக்கிறது. ரோடோடென்ட்ரான் மரமும் அப்படித்தான்.

நிறக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். தாவரவியலாளர் டேவிட் டான் 1825-ல் நேபாளத்துச் செடிகளை வைத்து இந்தப் பெயரைக் கொடுத்தார். அப்புறம் நம் மலைகளில் பலர் சேகரிக்க ஆரம்பித்தார்கள். பெரோட்டே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், பின்னாளில் புதுச்சேரியிலேயே இருந்து அங்கேயே காலமானவர், நீலகிரியில் சேகரித்த ஆர்க்கிட்களை வைத்து அஷீல் ரிஷார் 1841-ல் பாரிசில் ஒரு நூல் போட்டார். அதில் வெள்ளைப் பூ உள்ளதைத் தனி இனமாகப் பெயரிட்டார், பெரோட்டே பெயரிலும் ஒன்று வைத்தார். மதராஸ் மாகாணத்துச் செடிகளை ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்களை வைத்து வரைவித்த ராபர்ட் வைட் பெயரில் ஜான் லிண்ட்லி இன்னொரு இனத்தை வைத்தார். இந்தப் பெயர்கள் எல்லாமே இன்று ஒரே இனத்துக்குள் அடக்கம். ஏனென்றால் ஒரே சரிவிலேயே அடர் இளஞ்சிவப்பு, வெளிர் சிவப்பு, வெள்ளை என்று எல்லாம் கலந்து நிற்கும், குழலின் நீளமும் கதிரின் அடர்த்தியும்கூட ஒன்றுக்கொன்று மாறும். உங்கள் இரண்டு படமும் இதற்கு நல்ல உதாரணம். சொல்லப்போனால் கோவிந்துவின் பெயரில் வைட் ஓர் ஆர்க்கிட் பேரினமே வைத்தார். அந்தப் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான், படம் வரைந்தவரை இவ்வளவு மதித்த தாவரவியலாளர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இல்லை.

வேறு செடியோடு குழம்ப வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. அதே புல்வெளியில் அதே மாதங்களில் பெடிகுலாரிஸ் என்று ஒரு சிறு செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும், அதன் பூவுக்கும் மேலே வளைந்த மூடி உண்டு. ஆனால் அதன் இலை பெரணி இலை மாதிரி ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருக்கும், சத்தீரியத்தின் இலை வழவழப்பான முழு இலை. ஸ்பைராந்தஸ் என்ற இன்னொரு தரை ஆர்க்கிட்டும் இளஞ்சிவப்புதான், ஆனால் பூக்கள் மிகச் சிறியவை, தண்டைச் சுற்றித் திருகிக்கொண்டே ஏறும். வெள்ளைப் பூ என்றால் ஹாபனேரியா வகைகளைச் சரிபார்க்க வேண்டும், அவற்றுக்கு ஒரே குழல், உதடு கீழே. சந்தேகம் வந்தால் கதிரின் பின்பக்கத்தைப் பாருங்கள், அது போதும்.

சரி, அந்த மொட்டைச் சரிவு. முதலில் அது மொட்டை இல்லை. நம் உயர்மலைகளில் பள்ள மடிப்புகளில் சோலை, மேட்டிலும் சரிவிலும் புல்வெளி என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இயற்கையான அமைப்பு. சோலையை வெட்டியதால் புல்வெளி வந்தது என்று ஒரு காலத்தில் சிலர் நினைத்தார்கள். நீலகிரியின் சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள கார்பனின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களை) அளந்து 1993-ல் சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னால் பனியுகக் காலத்திலேயே இங்கே புல்வெளி விரிந்து கிடந்ததைக் காட்டியது. மனிதன் கோடாலியோடு வருவதற்கு எவ்வளவோ முன்னால். திறந்த சரிவில் சோலை மரம் ஏன் வராது என்பதற்கு ஒரு முக்கியக் காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரியில் இரவு தெளிந்த வானமாக இருந்தால் புல்வெளித் தரையில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும், காலையில் பார்த்தால் புல்நுனியெல்லாம் வெள்ளையாக இருக்கும். சோலைக்குள் மரங்களின் மூடாக்கு இருப்பதால் அங்கே அவ்வளவு குளிராது, வெளியே முளைத்த மரக்கன்று கருகிவிடும். அதோடு கோடையில் தீ, வருஷம் முழுக்கக் காற்று, மேய்ச்சல்.

இப்போது அந்தக் கிழங்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். உறைபனி விழுகிற மாதங்களில் சத்தீரியத்துக்கு மண்ணுக்கு மேலே கருகிப்போக ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. பிப்ரவரி, மார்ச்சில் புல்லில் தீ ஓடினால் சருகு மளமளவென்று எரிந்து தீ தாண்டிப் போய்விடும், சில அங்குலம் கீழே மண் சூடாவதில்லை, கிழங்கு பத்திரமாக இருக்கும். தீ போன பிறகு பழைய சருகு இல்லாத தரையில் மழைக்கு முளை சுலபமாக வெளிச்சத்தைப் பார்க்கும். மழை பிடித்ததும் அகன்ற இரண்டு இலையைத் தரையோடு விரித்து, புல் அதன் தலைக்கு மேலே முழுக்க மூடுவதற்குள் வேண்டிய உணவைத் தயாரித்துக்கொண்டு, ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை பூத்து முடித்துவிடுகிறது. புளிப்பான, கருத்த, வளம் குறைந்த மண் அதற்குப் போதும், தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அவ்வளவுதான். சாலைக்காக வெட்டிய சரிவுகளில்கூட வெயில் படும் இடத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தாங்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்று, நிழல். அடர்ந்த மர நிழலில் இரண்டு இலையால் ஒரு கிழங்கை நிரப்ப முடியாது. முதல் வருஷம் கிழங்கு சிறுக்கும், அடுத்து பூ வராது, பிறகு செடியே வராது. சத்தமில்லாமல் நடக்கும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் வருஷத்தில் பாதி அது மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.

மலையில் நிலத்தை அளந்தவர்களும் மரம் நட்டவர்களும் அந்த வறண்ட மாதங்களில் வந்து பார்த்திருந்தால் அவர்கள் கண்ணுக்குப் பட்டது காய்ந்த புல் மட்டும்தான். ஆங்கிலேயர் காலத்தில் புல்வெளிகள் வெறும் தரிசாகக் கணக்கிடப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்துவிட்டன. முதலில் விறகுக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு விஸ்கோஸ் என்ற செயற்கை நூலிழைக்கான கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று பெரிய அளவில் நட்டார்கள். கொடைக்கானலில் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் காடும் நட்டதுதான், அங்கே தரையில் ஊசியிலைச் சருகைத் தவிர என்ன இருக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள். பழனிமலையில் நாற்பது வருஷத்தில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. காரணம் மரத்தோட்டமும் விவசாயமும். நீங்கள் நின்று படம் எடுத்த மன்னவனூர்ப் புல்வெளி அந்த மிச்சத்தில் ஒரு துண்டு.

சீகை மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நட்ட இடத்தோடு அது நிற்பதில்லை. அவரைக் குடும்பத்து மரம், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் பிடித்து மண்ணின் தன்மையையே மாற்றிவிடும். விதை மண்ணில் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் சேர்ந்தாற்போல் முளைக்கும். சத்தீரியத்துக்குத் துணையாக இருந்த அதே தீ, சீகை நுழைந்த சரிவில் சீகைக்குத் துணையாகிவிடுகிறது. அதனால்தான் இன்று மலையில் வேலை செய்கிறவர்கள் புல்வெளிக்குள் தனித்தனியாக முளைத்த சீகைக்கன்றை வேரோடு பிடுங்குவதற்கு முதலிடம் கொடுக்கிறார்கள். மரம் முற்றிக் கூட்டமாகிவிட்டால் வெட்டினாலும் மண்ணில் உள்ள விதை விடாது. வெட்டிய இடத்தில் மலைப்புல்லை நாற்றாக வளர்த்து நட்டுப் பார்க்கிறார்கள், புல் திரும்ப வருகிறது. ஆனால் பூஞ்சை, கிழங்கு, ஆர்க்கிட் எல்லாம் சேர்ந்த பழைய புல்வெளி நாற்றில் வந்துவிடாது. எனவே இருக்கிற துண்டுகளைத் தொடாமல் விடுவதுதான் எல்லாவற்றையும்விடச் சுலபமும் மலிவும்.

தண்ணீருக்காகவாவது மரம் நடக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். நீலகிரியில் கிளென்மார்கனில் மண், நீர் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரே மாதிரியான இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு வருஷக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் ஓடைத் தண்ணீர் குறைந்தது. ஆழ வேர்விட்டு வேகமாக வளரும் மரம் குடிக்கும் தண்ணீரைக் குட்டைப்புல் குடிப்பதில்லை. வைகைக்கும் அமராவதிக்கும் பழனிமலையிலிருந்து இறங்கும் ஓடைகளுக்குச் சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் ஊற்று. மதுரையில் உட்கார்ந்து இதைக் கேட்கிற உங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

மரம் நடும் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. மதுரையைச் சுற்றியே எத்தனையோ கண்மாய்க்கரையும் சாலையோரமும் இருக்கின்றன, அங்கே நட்டால் நான் முதல் ஆளாகப் பாராட்டுவேன். 2,000 மீட்டர் உயரத்துப் புல்வெளியில் மட்டும் வேண்டாம். யாராவது குழுவாகச் சேர்ந்து அங்கே கன்று நடக் கிளம்பினால் இந்தப் படங்களைக் காட்டி இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். குறிஞ்சி பூத்த 2018-ல் மலைக்கு வந்த கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் இனி 2030-ல்தான் வருவார்கள். அதே சரிவுகளில் சத்தீரியம் வருஷா வருஷம் பூக்கிறது, கூடவே காசித்தும்பை வகைகளும், பூச்சியைப் பிடித்துத் தின்னும் ட்ரோசெராவும், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் பாறை இடுக்கில் நீலகிரி லில்லியும்.

அடுத்த முறை போகும்போது ஒத்தையடிப் பாதையை விட்டு இறங்காமல் பாருங்கள். பூக்காத இளஞ்செடிகள் ஒரே ஒரு இலையோடு புல்லுக்குள் இருக்கும், காலில் மிதிபட்டால் அந்த வருஷத்துக் கிழங்கு அவ்வளவுதான். படம் எடுப்பதானால் கதிரை முன்னாலிருந்து ஒன்று, குழல் தெரியப் பின்னாலிருந்து ஒன்று, அடியிலுள்ள இலையை ஒன்று என்று எடுங்கள், பூவை மட்டும் எடுத்தால் பல நேரம் இனம் சொல்ல முடியாது. பொதுவெளியில் போடும்போது ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சரியான இடக்குறிப்பு வேண்டாம், கிழங்கு தோண்டுகிறவர்களும் அதைப் பார்க்கிறார்கள். உங்கள் வெள்ளைக் கதிர் படத்தில் இலை மறைந்துவிட்டது, வேறு கோணத்தில் எடுத்தது ஏதாவது இருந்தால் காட்டுங்கள், இலை இரண்டா மூன்றா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.